கடுமையான டிக் நோய்க்கு ஆழ்மூளைத் தூண்டல்: யாருக்கு, எப்போது, எதைக் கடந்தபின்

கடுமையான டிக் நோய்க்கு மூளைக்குள் மின்முனை பதித்துச் செய்யும் சிகிச்சையைப் பற்றிய காணொளிகள் இராமநாதபுரம் கடற்கரையின் பாம்பனிலும் கீழக்கரையிலும் உள்ள கைப்பேசிகளுக்கும் இப்போது வந்து சேர்ந்துவிடுகின்றன. முதல் காட்சியில் ஒருவர் கழுத்தை வெட்டி வெட்டி இழுத்தபடி, தன்னை மீறிக் குரலெழுப்பிக்கொண்டிருப்பார். அடுத்த காட்சியில் அவரே அமைதியாக உட்கார்ந்து பேசுவார். இரண்டுக்கும் நடுவில் கழிந்த ஆண்டுகளையும், பலிக்காமல் போன மருந்துகளையும், அறுவைக்குப் பிறகு மாதக்கணக்கில் நடந்த மின்அளவுச் சரிபார்ப்பையும் அந்தக் காணொளிகள் காட்டுவதில்லை. ஆழ்மூளைத் தூண்டல் சிலருக்குப் பெரிய அளவில் உதவுகிறது என்பது உண்மை. ஆனால் அது வரிசையின் கடைசியில் நிற்கும் சிகிச்சை. அதற்கு முந்திய படிகள் இந்தக் கரையில் எத்தனை பேருக்குக் கிடைக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் இடம் சரியாக விளங்கும்.

டிக் என்பது திடீரென்று, விரைவாக, தாளமில்லாமல் திரும்பத் திரும்ப வரும் ஓர் அசைவு அல்லது ஒலி. கண்ணைச் சிமிட்டுவது, தோளைக் குலுக்குவது, மூக்கை உறிஞ்சுவது, தொண்டையைச் செருமுவது ஆகியவை எளிய வடிவங்கள். பல அசைவுகளும் குறைந்தது ஓர் ஒலியும் ஓராண்டுக்கு மேல் நீடித்து, 18 வயதுக்கு முன் தொடங்கியிருந்தால் அதை டூரெட் நோய்க்குறி என்கிறார்கள். பாரிசில் நரம்பியல் மருத்துவர் சார்கோவிடம் பணியாற்றிய ஜில் தெ லா டூரெட் 1885இல் ஒன்பது நோயாளிகளை விவரித்து எழுதியதிலிருந்து அந்தப் பெயர் நிலைத்தது. கெட்ட வார்த்தைகள் தன்னை மீறி வெளிவருவதே இந்த நோய் என்று சினிமா பார்த்தவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது பத்தில் ஒருவருக்கோ அதைவிடச் சற்றுக் கூடுதலானவர்களுக்கோ மட்டுமே வருகிறது.

இந்த அசைவுகளில் ஒரு விசித்திரம் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு டிக் வருவதற்கு முன் அந்த இடத்தில் ஓர் உறுத்தல் ஏறுகிறது. தும்மல் வருமுன் மூக்கில் ஏறுவதைப்போல. அசைவு நடந்து முடிந்ததும் சிறிது நேரத்துக்கு அது தணிகிறது. அதனால் சில நிமிடங்களுக்கு அடக்கிவைக்க முடிகிறது, அடக்கியது பிறகு சேர்ந்து வெளிவருவதும் உண்டு. வகுப்பில் ஆசிரியர் உற்றுப் பார்க்கும்போது அடங்கியிருக்கும் பையன் வீட்டுக்கு வந்ததும் அரைமணி நேரம் உதறிக்கொண்டிருப்பான். அறுந்த வலையைச் சரிசெய்வதில் ஆழ்ந்திருக்கும்போதும், ஓதும்போதும், பாடும்போதும் குறைந்துவிடும். குடும்பத்தார் இதைப் பார்த்துத்தான் “நினைச்சா நிறுத்துறானே, வேணும்னேதான் செய்யுறான்” என்ற முடிவுக்கு வருகிறார்கள். அடி விழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

அடியில் அடங்காவிட்டால் அடுத்த விளக்கம் வேறு திசையில் போகும். வலிப்பு என்பார்கள், காற்றுக் கருப்பு என்பார்கள், ஜின் பிடித்திருக்கிறது என்பார்கள். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டுவதும், ஓதிய தண்ணீர் கொடுப்பதும், கடைசியில் ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய்த் தங்கவைப்பதும் மதம் பாராமல் நடக்கிறது. நம்பிக்கையின் பேரில் தங்குவதில் குறை காண எதுவுமில்லை. ஆனால் தானாக வரும் அசைவைக் கட்டிவைத்து நிறுத்தப் பார்ப்பது வேறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பிற்பாடு தர்காவை ஒட்டியே, துஆவோடு மருந்தும் கிடைக்கும்படி அரசு ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. வழிபாட்டுக்கு வந்தவரை விரட்டாமல் அங்கேயே மருத்துவர் பார்ப்பது என்ற அந்த ஏற்பாடு, டிக் உள்ளவர்களுக்கும் பொருந்தக்கூடிய நல்ல நுழைவாயில் என்பது என் கருத்து.

நோய் போகும் போக்கும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் தொடங்குகிறது. பையன்களிடம் மூன்று நான்கு மடங்கு அதிகம். பத்திலிருந்து பன்னிரண்டு வயதில் உச்சத்தை எட்டுகிறது. இளைஞராகும்போது ஏறத்தாழ நான்கில் மூவருக்கு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சில வாரங்கள் ஏறியும் சில வாரங்கள் இறங்கியும் வருவது இதன் இயல்பு. எந்தச் சிகிச்சையின் பலனை அளக்கும்போதும் இந்த ஏற்ற இறக்கம் குறுக்கே வரும். பத்து வயதில் கயிறு கட்டிய பையனுக்குப் பதினாறு வயதில் சரியாகிவிட்டால், பெருமை கயிற்றுக்குப் போய்ச் சேரும்.

மீதமுள்ள சிறு பகுதியினர்தான் இந்தக் கட்டுரையின் பொருள். அவர்களில் சிலருக்குக் கழுத்து டிக் சாட்டையடியைப்போல் வேகமாக வந்து, நாளடைவில் கழுத்தெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தையே காயப்படுத்திவிடுகிறது. சிலர் தம்மையே அறைந்துகொண்டு கண்ணில் காயம் உண்டாக்கிக்கொள்கிறார்கள். இவர்களிடம் “பொறுத்திருந்தால் சரியாகிவிடும்” என்று சொல்வது நேர்மையாகாது.

அப்படிப்பட்டவரும் அறுவைக்கு முன் மூன்று படிகளைக் கடந்திருக்க வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்களின் சாரம். முதலாவது நடத்தைப் பயிற்சி. உறுத்தல் ஏறுவதை உணரக் கற்றுக்கொடுத்து, அந்த அசைவு நடக்க முடியாதபடி வேறோர் அசைவைச் செய்யப் பழக்குகிறார்கள். கழுத்து வெட்டுபவர் மோவாயை மெல்லக் கீழே இழுத்துக் கழுத்துத் தசையை இறுக்கிப் பிடிப்பார், செருமுபவர் மூக்கால் மெதுவாக மூச்சு விடுவார். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 9 முதல் 17 வயதுவரையுள்ள 126 பேர் பங்கேற்றார்கள். பத்து வாரப் பயிற்சிக்குப் பிறகு, பயிற்சி பெற்றவர்களில் 52.5 சதவீதத்தினர் முன்னேறினர், வெறும் ஆலோசனை பெற்றவர்களில் 18.5 சதவீதத்தினர்தான். ஊசியோ மாத்திரையோ தேவைப்படாத இந்தப் பயிற்சிக்கு வேண்டியது பழகிய உளவியலாளரும் வாராவாரம் வந்துபோகும் வசதியும். தொண்டியிலிருந்தோ தங்கச்சிமடத்திலிருந்தோ புறப்படும் குடும்பத்துக்கு அவை இரண்டும் சேர்ந்து கிடைப்பது அரிது.

இரண்டாவது மருந்துகள். குளோனிடின், ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல், ஹாலோபெரிடால் ஆகியவை வழக்கத்தில் உள்ளவை. கழுத்தில் மட்டும் அல்லது கண்ணிமையில் மட்டும் நிற்கும் டிக்குக்கு போட்டுலினம் ஊசியும் உண்டு. ஹாலோபெரிடால் மலிவானது, எளிதாகக் கிடைப்பது, டிக்கையும் குறைப்பது. ஆனால் தூக்கம், உடல் விறைப்பு, சோர்வு ஆகியவை கூடவே வரும். விசைப்படகில் இரவு முழுதும் விழித்து வலை இழுப்பவர் அந்தத் தூக்கத்தோடு கயிற்றுக்கும் உருளைக்கும் நடுவில் நிற்க முடியாது. அதனால் பலர் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நின்றுபோன மருந்தை “பலிக்காத மருந்து” என்ற கணக்கில் எழுதுவது சரியல்ல. போதிய அளவில், போதிய காலம், ஒன்றுக்கு மேற்பட்ட வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தபின்பே அடங்காத நோய் என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது, உடனிருக்கும் நோய்களைக் கவனிப்பது. கவனக்குறைவு மிகையியக்கமும் (ஏடிஎச்டி) எண்ணச் சுழற்சி நோயும் (ஓசிடி) டூரெட் உள்ளவர்களிடம் மிகுதி. பல வேளைகளில் வாழ்க்கையை உண்மையில் முடக்குவது அவைதான். டிக் கண்ணுக்குத் தெரிவதால் பழி அதன்மேல் விழுகிறது. இதோடு இன்னொன்றும் உண்டு: 2020க்குப் பிறகு, குறிப்பாகப் பதின்பருவப் பெண்களிடம், டிக்கைப்போலவே தோன்றி ஒரே நாளில் திடீரென்று தொடங்கும் அசைவுகளைப் பல நாட்டு மருத்துவர்கள் கண்டார்கள். அவை வேறு வகை, அவற்றுக்கு மூளை அறுவை கூடவே கூடாது. ஆகவே அறுவையை முடிவுசெய்வது ஒரு மருத்துவரின் வேலையாக இருக்க முடியாது. நரம்பியல், மனநல, நரம்பறுவை மருத்துவர்களும் உளவியலாளரும் சேர்ந்து உட்கார வேண்டும்.

இனி அந்த அறுவைக்கு வருவோம். மூளையின் மேற்பரப்புக்கும், ஆழத்திலுள்ள அசைவுக் கட்டுப்பாட்டு முடிச்சுகளுக்கும், மூளையின் நடுவில் செய்திகளைக் கடத்தும் தலாமஸுக்கும் இடையே செய்தி சுற்றிச் சுற்றி ஓடுகிறது. வேண்டிய அசைவை விட்டு வேண்டாததை அடக்குவது இந்தச் சுற்றின் வேலைகளில் ஒன்று. டூரெட்டில் அந்த அடக்குதல் தளர்ந்திருப்பதாகக் கருதப்படுகிறது. ஜெர்மானிய அறுவை மருத்துவர்கள் ஹாஸ்லரும் டீக்மனும் தலாமஸில் சில இடங்களைச் சுட்டு அழித்து டிக்கைக் குறைத்ததை 1970இல் பதிவு செய்தார்கள். அழித்ததை மீட்க வழியில்லை. 1987இல் பிரான்சின் கிரெனோபிளில் பெனாபீ குழுவினர், அழிக்காமலேயே அதிவேக மின்துடிப்பால் நடுக்கத்தை நிறுத்த முடியும் என்று காட்டினார்கள். இரண்டையும் இணைத்து, 1999இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் வான்டெவால், விஸர்-வான்டெவால் குழுவினர், முன்பு சுட்டு அழித்த அதே பகுதிகளில் மின்முனையைப் பதித்து, டூரெட்டுக்கான முதல் ஆழ்மூளைத் தூண்டலைச் செய்தார்கள். அதன்பின் குளோபஸ் பாலிடஸ் என்ற முடிச்சின் உட்பகுதியும் இலக்காயிற்று. எந்த இடம் சிறந்தது என்பதில் இன்றும் ஒருமித்த முடிவு இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பார்க்கின்சனுக்கும் அத்தியாவசிய நடுக்கத்துக்கும் இந்தச் சிகிச்சையை முறைப்படி ஏற்றிருக்கிறது. டூரெட்டுக்கு அப்படி ஏற்கவில்லை.

பலன் எவ்வளவு? இங்கேதான் எண்களைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். 10 நாடுகளின் 31 மருத்துவமனைகளிலிருந்து 185 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிய பன்னாட்டுப் பதிவேட்டின் முடிவுகள் 2018இல் வெளியாயின. யேல் அளவுகோல் என்ற நூறு புள்ளிக் கணக்கில், அறுவைக்கு முன் சராசரியாக 75 ஆக இருந்த கடுமை ஓராண்டில் 41 ஆக இறங்கியது. ஏறத்தாழ 45 சதவீதக் குறைவு. விளம்பரங்களிலும் காணொளிகளிலும் இந்த எண்தான் வரும்.

ஆனால் அந்த 185 பேருக்கும் தம் தலைக்குள் கருவி இயங்குகிறது என்று தெரியும். அளந்த மருத்துவருக்கும் தெரியும். தெரியாதபடி வைத்து அளந்தால் என்ன ஆகும்? 2015இல் லண்டன் ஆய்வாளர்கள் 15 பேருக்குக் குளோபஸ் பாலிடஸில் மின்முனை வைத்து, மூன்று மாதம் இயக்கியும் மூன்று மாதம் அணைத்தும், எது எப்போது என்று நோயாளியும் அளப்பவரும் அறியாதபடி சோதித்தார்கள். ஆய்வை முடித்த 13 பேரில், இயக்கிய காலத்துக்கும் அணைத்த காலத்துக்கும் இருந்த வேறுபாடு சுமார் 15 சதவீதம். மறைப்பை நீக்கிவிட்டுத் தொடர்ந்து பார்த்தபோது அதே நோயாளிகளிடம் குறைவு 40 சதவீதத்தை எட்டியது. 2017இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 16 பேரை இரு குழுவாகப் பிரித்து மூன்று மாதம் பார்த்தபோது, கருவி இயங்கியவர்களுக்கும் இயங்காதவர்களுக்கும் இடையே உறுதியான வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

இந்த இடைவெளிக்குப் பல காரணங்கள் இருக்கலாம். நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் அறுவைக்கு இணங்குகிறார்; அங்கிருந்து அது இயல்பாகவே சற்று இறங்கும். இவ்வளவு பெரிய சிகிச்சை நடந்திருக்கிறது என்ற நம்பிக்கையும் தன் பங்கைச் செய்யும். மறுபக்கம், டூரெட்டில் சரியான மின்அளவைக் கண்டுபிடிக்கவே பல மாதங்கள் ஆகும். மூன்று மாதச் சோதனையில் முழுப் பலனும் தெரியாமல் போயிருக்கலாம். ஆய்வுகள் சிறியவை என்பதும் உண்டு. என் பார்வையில், 45ஐப் பொய் என்று ஒதுக்கவும் முடியாது, 15ஐச் சொல்லாமல் அதைச் சொல்லவும் கூடாது. ஆலோசனை அறையில் இரண்டு எண்களையும் கேட்டு வாங்குவது குடும்பத்தின் உரிமை. சராசரிக்குப் பின்னால், வாழ்வே மாறிப்போனவரும் இருக்கிறார்கள், எதுவும் மாறாதவரும் இருக்கிறார்கள்; யார் எந்தப் பக்கம் விழுவார் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை இன்னும் வரவில்லை.

அறுவையன்று தலையில் ஓர் உலோகச் சட்டத்தைத் திருகுகளால் பொருத்தி, ஸ்கேன் படங்களோடு இணைத்து இலக்கின் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் குறிக்கிறார்கள். மண்டையோட்டின் இருபுறமும் சிறு துளையிட்டு, ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள மின்முனைக் கம்பியை இறக்குகிறார்கள். பார்க்கின்சன் நோயாளியை விழித்திருக்க வைத்துச் செய்வது வழக்கம். டூரெட்டில் தலையே வெட்டி இழுக்கும் என்பதால் பெரும்பாலும் மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது. கம்பி காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறங்கி, காறையெலும்புக்குக் கீழே பதித்த பேட்டரியில் சேர்கிறது. அங்கிருந்து வினாடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட மின்துடிப்புகள் இரவும் பகலும் போகும். அதே பதிவேட்டின்படி மூளைக்குள் இரத்தக் கசிவு 1.3 சதவீதத்தினருக்கு ஏற்பட்டது. தொற்று, பேச்சுக் குழறல், உடலில் கூச்ச உணர்வு ஆகியவையும் பதிவாகியுள்ளன. டூரெட் நோயாளிகளில் சிலர் தையல் இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் கட்டாயத்துக்கு ஆளாவதால், மற்ற நோய்களைவிட இதில் தொற்று அதிகம் என்று இத்தாலிய அறுவை மருத்துவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

கருவியின் விலை பல லட்சம் ரூபாய். வீட்டிலேயே சார்ஜ் செய்யும் வகையாக இல்லாவிட்டால், பேட்டரி சில ஆண்டுகளில் தீர்ந்து மீண்டும் சிறு அறுவை வேண்டும். செலவைவிடவும் இந்தக் கரைக்குக் கடினமானது அலைச்சல். இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நோயை அடையாளம் காணவும், மருந்து தொடங்கவும், மேலிடத்துக்கு அனுப்பவும் அது போதும். ஆழ்மூளைத் தூண்டலுக்குப் பெங்களூரு நிமான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனம், சென்னையின் பெரிய மருத்துவமனைகள் என்று போக வேண்டும். அறுவைக்கு ஒருமுறை போவது பெரிதல்ல. மின்அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க முதல் ஆண்டில் பலமுறை போக வேண்டும், ஒவ்வொரு மாற்றத்தின் பலனும் தெரிய வாரங்கள் ஆகும், கூடவே ஒருவர் தொழிலை விட்டுவிட்டு வர வேண்டும். விசைப்படகுத் தொழிலாளர் குடும்பமென்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை அறுவைக்கும் காயம் ஆறுவதற்கும் ஒதுக்கிக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது. வருமானம் எப்படியும் நின்றிருக்கும் காலம் அது.

ஒப்புதல் பற்றியும் ஒரு வார்த்தை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 96ஆம் பிரிவு, மனநோய்க்காக மூளையில் அறுவை செய்வதற்கு நோயாளியின் தெளிந்த ஒப்புதலோடு உரிய வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்கிறது. டூரெட் நரம்பியல் நோயாகவும் பார்க்கப்படுகிறது, மனநல மருத்துவத்திலும் இடம்பெறுகிறது. எண்ணச் சுழற்சி நோயும் சேர்ந்திருந்தால் மருத்துவமனை இந்தப் பிரிவை எப்படிக் கையாள்கிறது என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. அசைவைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் அறுவை கேட்பவர் பல வேளைகளில் தந்தையாக இருப்பார். கேட்க வேண்டியவர் நோயாளி.

கடலோரத்துக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டியவையும் இருக்கின்றன. மருத்துவமனைகள் கொடுக்கும் பொதுவான அறிவுரைத் தாளில் இவை சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இடுப்பு வலிக்கு, தோள் வலிக்கு என்று கடல்தொழில் செய்பவர்கள் பிசியோதெரபி நிலையத்தில் “கரண்ட் வைத்துக்கொள்வது” இங்கே வழக்கம். அதில் டயதெர்மி என்ற வெப்பமூட்டும் முறை, கருவி பொருத்தியவருக்கு முற்றிலும் விலக்கு. கம்பி வழியே வெப்பம் ஏறி மின்முனையைச் சுற்றிய மூளைத் திசுவை அழித்துவிடும், உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. படகுப் பட்டறையில் மின்வெல்டிங் செய்பவர் அந்த வேலையைத் தொடரலாமா என்று அறுவைக்கு முன்பே கேட்க வேண்டும். எம்ஆர்ஐ எடுக்கும் எந்த இடத்திலும் கருவியின் அட்டையைக் காட்டிய பிறகே உள்ளே போக வேண்டும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்தில் சங்கு குளிப்பவர்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. பரவலாகப் புழங்கும் கருவிகளின் கையேடு 10 மீட்டருக்குக் கீழே, அதாவது கடல் ஆழக் கணக்கில் ஏறத்தாழ ஐந்தரைப் பாகத்துக்குக் கீழே மூழ்கக் கூடாது என்கிறது. நீரின் அழுத்தம் கருவியின் உறையைக் கெடுத்துவிடும். கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு அதற்கும் கீழே இறங்கிச் சங்கு எடுப்பவருக்கு இது தொழிலை விடுவதற்குச் சமம். பல்லாண்டு டிக்கோடு அந்தத் தொழிலைச் செய்து வந்த ஒருவர், அறுவை முடிந்த பிறகு இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது.

நீச்சலும் அப்படியே. 2019இல் சூரிச் மருத்துவர்கள், பார்க்கின்சனுக்காக ஆழ்மூளைத் தூண்டல் பெற்ற ஒன்பது பேரைப் பற்றி எழுதினார்கள். அனைவரும் நன்றாக நீந்தியவர்கள். மற்ற அசைவுகள் தேறியிருந்தும், கருவி இயங்கும்போது அவர்களால் நீந்த முடியவில்லை. ஒருவர் ஏரியில் குதித்து, மூழ்கப் போனபோது உறவினர் காப்பாற்றியிருக்கிறார். கருவியை அணைத்துப் பார்த்த மூவருக்கு நீச்சல் உடனே திரும்பியது. அவர்களுக்கு மின்முனை இருந்த இடம் டூரெட்டுக்கு வைக்கும் இடம் அல்ல, ஆகவே இதே விளைவு வரும் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. ஆனால் நடை, பேச்சு, கையெழுத்து எல்லாம் சரியாக இருப்பதை வைத்து நீச்சலும் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிட முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது. கருவி பொருத்தியவர் காயம் ஆறி, மருத்துவர் அனுமதித்த பிறகு முதன்முறை நீரில் இறங்கும்போது, வல்லத்திலிருந்து குதிக்காமல், இடுப்பளவுத் தண்ணீரில், கை எட்டும் தூரத்தில் நீந்தத் தெரிந்த இன்னொருவரை நிறுத்திக்கொண்டு சோதித்துப் பார்க்க வேண்டும். மின்அளவை மாற்றிவிட்டு ஊர் திரும்பும் ஒவ்வொரு முறையும் அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.